கழற்றாமல் விட்ட போர்வை

குகனேஸ்வரிக்குக் குளிர் ஆகாது. இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து இருபது வருடமாகப் போகிறது, இன்னும் ஆகாது. ஐப்பசி பிறந்ததும் வீட்டில் எல்லோருக்கும் கம்பளித் தொப்பி எடுத்துக் கொடுத்துவிடுவாள். பனி தலையில் விழுந்தால் தடிமன், தடிமன் விட்டால் சளி, சளி விட்டால் காய்ச்சல் என்பது அவளுடைய கட்சி. மகள் சுலக்சனா பள்ளிக்கூட வாசல்வரை தொப்பியோடு போய், உள்ளே நுழையுமுன் கழற்றிப் பைக்குள் திணித்துவிடுவாள் என்பது தெரிந்தும் கொடுப்பதை அவள் நிறுத்தியதில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியின் கையில் ஒரு குதிரையை, அதுவும் மாரிகாலத்தில், ஒப்படைத்தால் என்ன நடக்கும்? அவள் வேலைசெய்கிற வீட்டு அம்மா, சின்யோரா ஒர்த்தென்சியா, அதை யோசிக்கவில்லை. அவர் அவளை அவ்வளவு நம்பினார்.

சின்யோரா லிபெர்த்தாப் பகுதியில் மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர். எண்பதை எட்டிப் பிடிக்கிற வயது. கணவர் போய்ச் சேர்ந்து கனகாலம். ஒரே மகள் கிளேலியா வடக்கே தொரினோவில் வக்கீலாக இருக்கிறாள். அந்த வீட்டைக் கூட்டித் துடைத்து, சமைத்து, சின்யோராவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, பத்துப் பன்னிரண்டு வருடத்தைக் குகனேஸ்வரி கழித்துவிட்டாள். இருவரும் கதைப்பது இத்தாலியனில்தான். ஆனால் இத்தனை காலம் கூட இருந்ததில், சின்யோரா சொல்வதெல்லாம் அவள் காதில் யாழ்ப்பாணத்துக் கொண்டாவில் தமிழாகவே விழும். நாமும் அப்படியே கேட்போம்.

சின்யோராவுக்கு உலகத்தில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒன்று கிளேலியா. மற்றது நெஸ்போலா என்கிற கிழட்டுப் பெண் குதிரை. நெஸ்போலா என்றால் பலேர்மோக்காரர் சித்திரை வைகாசியில் ஆசையாகத் தின்கிற ஒரு மஞ்சள் பழம். குதிரையின் நிறமும் அதுதான். நகரத்தை விட்டு வெளியே, பர்த்தான்னாவில், வேலியடைத்த ஒரு லாயத்து வெளியில் அது நிற்கும். அங்கே சாரோ என்ற ஆள் வைக்கோலும் தண்ணீரும் வைப்பான், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் குதிரைக்குச் சொந்தக்காரர் பாடு. சின்யோரா தினமும் போய்த் தேய்த்துக் குளிப்பாட்டி, போன வருடம்வரைக்கும் ஏறிச் சவாரியும் செய்தவர். இந்த வருடம் மாடிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "குதிரையிலயிருந்து விழேல்லை, படியிலதான் விழுந்தனான்" என்று வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்லுவார். அதற்குப் பிறகுதான் குதிரை குகனேஸ்வரியின் தலையில் விழுந்தது.

கார்த்திகை தொடங்குமுன் இருவரும் வாடகைக் காரில் போர்வை வாங்கப் போனார்கள். சேணமும் கடிவாளமும் விற்கிற கடை. கடைக்காரன் நாலைந்து போர்வைகளை விரித்துப் போட்டான். குகனேஸ்வரியின் கை தன் பாட்டில் எல்லாவற்றிலும் தடித்ததுக்குப் போனது. உள்ளே பஞ்சு பொதிந்து, அழுத்தினால் விரல் புதைந்தது.

"சின்யோரா, இது நல்லாயிருக்கு. மெத்தை மாதிரிக் கிடக்கு."

"அது தொரினோக் குதிரைக்கு."

சின்யோரா எடுத்தது எல்லாவற்றிலும் மெல்லியதை. மேலே தண்ணீர் இறங்காத சீலை. உள்ளே பஞ்சு என்று மருந்துக்கும் இல்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், தோள் உராயாமல் மடிப்பு விட்டிருக்கிறதா என்று விரலால் தடவினார், வேர்வை ஆவியாக வெளியே போகுமா என்று கடைக்காரனிடம் மூன்று விதமாகக் கேட்டார். குகனேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"இது மழைக்கோட்டெல்லோ! கிழவிக்கு மழைக்கோட்டைப் போட்டிட்டு வெளியில விடுறதோ?"

"குகா, இஞ்சை கேள். அவளுக்கு உடம்பு முழுக்க மயிர் கிடக்கு. மாரிக்கெண்டு தானே வளத்து வைச்சிருக்கிறாள். மழையும் காத்தும் சேந்து வந்தால்தான் அவளுக்குக் கஷ்டம். மழையை நான் மறிச்சால் காணும், மிச்சத்தை அவள் பாப்பாள். குளிர்ந்தால் நடப்பாள், வைக்கோலைத் திண்டு சூடாவாள். வேர்த்தால் என்ன செய்வாள் சொல்லு? கழட்டுறதுக்குக் கையிருக்கோ?"

மெல்லியதில் இரண்டு வாங்கினார்கள், ஒன்று நனைந்தால் மற்றதைப் போட. தடித்த போர்வை ஒன்று ஏற்கெனவே லாயத்தில் கிடந்தது. அது கிளேலியா ஒரு நத்தாருக்குக் கிறிஸ்மஸ் பரிசாகத் தொரினோவிலிருந்து அனுப்பியது. ஆலங்கட்டி விழுகிற இரவுகளுக்கென்று சின்யோரா அதை ஒதுக்கி வைத்திருந்தார்.

பலேர்மோவின் மாரியைப் பற்றி அங்கே இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். காலையில் வடகாற்று காதை அறுக்கும். மத்தியானம் ஆபிரிக்காப் பக்கமிருந்து சிரோக்கோ என்கிற வெக்கைக் காற்று எழும்பி, ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தெருவில் நின்று கோப்பி குடிப்பார்கள். பொழுதுபட மழை. இதற்கெல்லாம் ஒரே போர்வையோடு ஒரு மிருகத்தை விட்டுவிட்டு வர முடியாது. ஆகவே குகனேஸ்வரி காலையில் லாயத்துக்குப் போய் நின்றதும் சின்யோரா போன் எடுப்பார். இன்றைக்கு எந்தப் போர்வை, அல்லது போர்வையே வேண்டாமா என்று சொல்லுவார். கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "கை வைச்சுப் பாத்தியோ?" போர்வைக்குள்ளே, தோளடியில், உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். காய்ந்து இளஞ்சூடாக இருந்தால் சரி. ஈரமென்றால் உடனே கழற்ற வேண்டும். காது குளிர்ந்திருக்கிறதே என்று பார்த்து ஏமாறக் கூடாது.

முதல் இரண்டு கிழமை பயந்துகொண்டேதான் கை வைத்தாள். பிறகு பயம் விட்டுப்போயிற்று. நெஸ்போலா அவளுடைய கோட்டுப் பையை மூக்கால் துழாவும். "எடியே, உனக்கு வேற வேலையில்லையோ" என்று தமிழில் ஏசுவாள், அது காதைத் திருப்பிக் கேட்கும். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் குதிரைக் கதைதான்.

"அம்மா, நெஸ்போலாவுக்கும் கம்பளித் தொப்பி வாங்கிட்டீங்களோ?" என்று சுலக்சனா பகிடி விடுவாள்.

"விட்டால் வாங்கிப் போடுவன். அந்த மனுசி ஒரு கல்நெஞ்சுக்காரி" என்பாள் குகனேஸ்வரி. சும்மா சொல்லக் கூடாது, சின்யோரா சொன்னபடி எல்லாம் செய்தாள்தான். ஆனால் மனதுக்குள் அந்த மெல்லிய சீலையை அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

மார்கழி வந்தது. திருவெம்பாவை தொடங்கிவிட்டது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால், தளபாடக் களஞ்சியமாக இருந்த ஓரிடத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் ஆட்கள் பிள்ளையாரை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். ஊரில் விடியுமுன் நடப்பது இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் பத்து மணிக்குத்தான், அன்றைக்குத்தானே எல்லோருக்கும் லீவு. குகனேஸ்வரி குடும்பத்துக்கு இந்தமுறை கிடைத்தது நத்தாருக்கு அடுத்த ஞாயிறு. சனம் முட்டி வழிகிற நாள். துறைமுகத்தில் கப்பல் அறைகளைத் துப்புரவு செய்கிற அவள் கணவர் கோபாலசிங்கம் அந்த ஒரு நாளுக்காக முதலாளியிடம் ஒரு மாதம் முன்னமே சொல்லி வைத்திருந்தார். புக்கை என்கிற பொங்கலும் மோதகமும் குகனேஸ்வரி கையால் என்று முடிவு.

குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆகவே முதலில் லாயம், பிறகு கோயில் என்று அவள் கணக்குப் போட்டாள். சனிக்கிழமை பின்னேரம் வடகாற்றோடு ஆலங்கட்டி கொட்டியது. சின்யோராவே போன் எடுத்து, "இண்டைக்கு ராவுக்குத் தடிச்சதைப் போடு, விடியக் கழட்டிப்போடவேணும்" என்றார். போட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கு மனம் ஆறியது.

ஞாயிறு விடியற்காலை தலைக்கு முழுகினாள். சுடுதண்ணீரில் முழுகினால் விரதம் விரதமாகாது என்று அவளாகவே ஒரு சட்டம் வைத்திருந்ததால், பச்சைத் தண்ணீர்தான். ஈரத் தலையைத் துவாயால் சுற்றி, பட்டுச் சேலைக்கு மேலே கோட்டைக் கொளுவிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கும்போது பல்லோடு பல் அடித்தது. வெளியில் பனிப்புகார் மூடியிருந்தது. புல்லெல்லாம் பனி. நெஸ்போலா தடித்த போர்வையோடு இரவு சேற்றில் படுத்து எழும்பியிருக்க வேண்டும், ஒரு பக்கம் முழுக்கச் சேறும் லத்தியும் அப்பிக் கிடந்தது. போன் அடித்தது.

"குகா, காத்துத் திரும்புது. மத்தியானத்துக்கு முதல் சிரோக்கோ வந்திடும். தடிச்சதைக் கழட்டிப்போட்டு மெல்லியதைப் போடு. அதுவும் வேண்டாமெண்டாலும் பறவாயில்லை."

குகனேஸ்வரி சுற்றிப் பார்த்தாள். எங்கே சிரோக்கோ? அவளுடைய விரல் நுனி விறைத்துக் கிடக்கிறது. கணகணப்பான வீட்டுக்குள்ளே இருந்துகொண்டு இந்த மனுசி சொல்லுகிற கதையைப் பார். அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், அந்தப் போர்வையைக் கழற்றுவதென்றால் நெஞ்சுக் கொளுக்கி, வயிற்றுக்குக் கீழே குறுக்காகப் போகிற பட்டிகள், வாலடிப் பட்டி எல்லாவற்றையும் அவிழ்த்து, அந்தச் சேற்றை நெஞ்சோடு அணைத்து இழுக்க வேண்டும். பிறகு உள்ளே கை வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கையால்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் பிள்ளையாருக்கு மோதகம் பிடிக்க வேண்டும். முழுகி ஆசாரமாக வந்தவள், திரும்பப் போய் முழுகுவதற்கு நேரமும் இல்லை. உபயகாரியே பிந்தி வந்தாள் என்று ஒரு சொல் வரும்.

"கழட்டிட்டியோ?" என்றது போன்.

"ஓம் சின்யோரா. மாத்திப்போட்டன்."

"கை வைச்சுப் பாத்தியோ?"

"பாத்தனான். நல்ல இளஞ்சூடாய்க் கிடக்கு."

வாய் தவறி வந்தது என்றும் சொல்ல முடியாது. நிறுத்தி, நிதானமாக, இளஞ்சூடு என்றெல்லாம் சேர்த்துச் சொன்னாள். இவ்வளவுக்கும் வேலிக்கு இந்தப் பக்கம்தான் நின்றாள். குதிரை வழக்கம்போலக் கோட்டுப் பையைத் தேடித் தலையை நீட்ட, சேலையில் பட்டுவிடும் என்று ஒரு அடி பின்னால் போனாள். கோயிலுக்குப் போகிற அவசரத்தில் சொன்ன பொய் பொய்யில்லை என்று நினைத்தாளோ என்னவோ.

கோயிலில் புக்கை பொங்கியது, மோதகம் அவிந்தது, ஐயர் தொடங்கினார். பாதி திருவெம்பாவையில் உள்ளே சூடு ஏறியது. அடுப்புச் சூடாக்கும் என்று முதலில் நினைத்தாள். பிறகு யாரோ கதவைத் திறந்துவிட, வெளியிலிருந்து வந்த காற்று முகத்தில் அடித்தது. உலர்ந்த, மண் மணக்கிற வெக்கை. சிரோக்கோ.

"என்னக்கா இது, பங்குனி வெய்யில் மாதிரி எறிக்குது!" என்று பக்கத்திலிருந்த ஆரணி சால்வையைக் கழற்றி விசிறிக்கொண்டாள். இளசுகளெல்லாம் கோட்டைக் கழற்றிச் சுவரோரம் எறிந்துவிட்டார்கள். எல்லோரும் கழற்றினார்கள். கழற்ற முடியாத ஒருத்தி பர்த்தான்னாவில் வெய்யிலில் நின்றாள். அது குகனேஸ்வரிக்கு அந்த நிமிடமே தெரியும். தெரியாமல் நடந்தது என்று பிறகு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மெல்ல எழும்பிக் கோபாலசிங்கத்திடம் போனாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஒருக்கா லாயத்துக்கு ஓடிப்போட்டு வாறன்."

"விசரே உனக்கு? உபயகாரர் நடுவில எழும்பிப் போறதோ? சனம் என்ன சொல்லும்? குதிரை என்ன, ஓடியே போகப்போகுது?"

திரும்ப வந்து இருந்தாள். சரி, போக முடியாது. பைக்குள்ளே போன் இருந்ததே. சாரோவுக்கு ஒரு வார்த்தை, "அந்தப் போர்வையைக் கழட்டி விடு" என்று சொன்னால் காரியம் முடிந்தது. எடுக்கவில்லை. எடுத்தால், தடித்த போர்வை இன்னும் குதிரை மேல்தான் கிடக்கிறது என்று சாரோவுக்குத் தெரியும், அவன் வாய் சும்மா இராது, பின்னேரத்துக்குள் சின்யோராவுக்குப் போய்விடும். பூசை முடியட்டும் என்று நினைத்தாள். பூசை முடிய, பந்தி முடியட்டும் என்று நினைத்தாள். மோதகம் நல்லாயிருக்கு என்று ஆளுக்காள் சொன்னார்கள். அவள் சிரித்துச் சிரித்துப் பரிமாறினாள்.

லாயத்துக்குப் போய்ச் சேர வெய்யில் சாயத் தொடங்கியிருந்தது. வேலிக்குள்ளே சாரோ நின்றான், மிருக வைத்தியர் நின்றார். நெஸ்போலாவைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார்கள். கழுத்திலிருந்து பின்னங்கால்வரை மயிர் நனைந்து ஒட்டிக் கிடந்தது. அது நடக்கும், நிற்கும், திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கும், படுத்துப் புரள முழங்காலை மடிக்கும். சாரோ கயிற்றை இழுத்து மறிப்பான். போர்வை ஒரு மூலையில் கிடந்தது. தூக்கிப் பிழிந்தால் தண்ணீர் ஓடியிருக்கும்.

"வேர்த்து வேர்த்து உடம்பில தண்ணி வத்திப்போச்சு. குடல் நிண்டிட்டுது" என்றார் வைத்தியர். "வயசுபோன மிருகம். இண்டைக்கு ராத்திரி தாண்டினால் பாப்பம்."

சாரோ அவள் பக்கம் திரும்பினான். "எந்த மடையன் சிரோக்கோவுக்கு இந்த மெத்தையைக் கட்டிவிட்டது?"

பட்டுச் சேலையோடு நின்ற குகனேஸ்வரியின் வாயிலிருந்து வந்தது இதுதான்: "சின்யோரா... சின்யோராதான் இருக்கட்டும் எண்டு சொன்னவ."

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. சாரோ முன்னமே சின்யோராவுக்கு அறிவித்திருக்கிறான். சின்யோராதான்.

"குகா, நான் மெல்லியதெண்டு தானே சொன்னனான்? நீயும் மாத்திப்போட்டன் எண்டனியே. கை வைச்சுப் பாத்தன், இளஞ்சூடு எண்டனியே."

சாரோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். வைத்தியரும் நிற்கிறார். இப்போது சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அவள் வேறொன்று சொன்னாள்.

"இல்லை சின்யோரா. அது நேற்று விடிய. இண்டைக்கு இருக்கட்டும், குளிருது எண்டனீங்கள்."

ஏசுவார் என்று குகனேஸ்வரி காத்திருந்தாள். சின்யோரா ஏசுவதில் கெட்டிக்காரி. பலேர்மோ மொழியில் தொடங்கினால் கீழ்மாடிக்காரரே யன்னலைச் சாத்துவார்கள். ஆனால் அவர் மெல்ல, யாரோ அந்நியரிடம் வழி கேட்பதுபோல, கேட்டார்:

"அப்பிடியே? அது நேற்றே?"

"ஓம் சின்யோரா."

"எனக்கு... இண்டைக்கெண்டு நினைவிலை நிக்குது."

குதிரை பிழைத்துக்கொண்டது. அந்த இரவு முழுக்கக் குகனேஸ்வரிதான் சாரோவோடு மாறி மாறி நடத்தினாள், பட்டுச் சேலை சேற்றில் இழுபட. மறுநாள் காலையில் நெஸ்போலா கொஞ்சம் லத்தி போட்டது. உலகத்தில் லத்தியைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டு அழுதவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளையாரே காப்பாற்றினார் என்று நினைத்தாள். இனிமேல் ஒருநாளும் பொய் சொல்ல மாட்டேன் என்று நேர்ந்தாள். சொன்ன பொய்யை என்ன செய்வது என்று மட்டும் நேரவில்லை.

குதிரை பிழைத்தது, சின்யோரா போய்விட்டார். ஆள் இருந்தார், நான் சொல்வது வேறு. அடுப்பை நிறுத்திவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்த்தார். மருந்துக் குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதை நான் குடிச்சிட்டனோ, குடிக்கேல்லையோ?" என்று கேட்டார். குடிக்கவில்லை என்று அவருக்குச் சரியாகத்தான் தெரியும், ஆனால் தனக்குத் தெரிந்ததைத் தானே நம்பவில்லை. கனவிலும் மகளிடம் ஒரு குறை சொல்லாதவர், போனில் கிளேலியாவிடம் தானாகவே சொன்னார்: "என்ரை மூளை போகுது பிள்ளை. நான் செய்த பிழையால நெஸ்போலா செத்துப்போகப் பாத்தவள்." குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த குகனேஸ்வரி அதைக் கேட்டாள். வெங்காயம் என்று கண்ணைத் துடைத்தாள்.

வீட்டில் கோபாலசிங்கத்திடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சொன்னார்: "குதிரை பிழைச்சிட்டுதெல்லே. வாயைப் பொத்திக்கொண்டிரு. இப்ப போய்ச் சொன்னால் உன்னை வீட்டுக்குள்ள விடுவினமோ? பத்து வருச நம்பிக்கை. ஊர் முழுக்க, தமிழாக்கள் பொய் சொல்லுறவையெண்டு கதை வரும்." பிறகு தானாகவே, "நான் அண்டைக்கு உன்னைப் போகவிட்டிருக்கவேணும்" என்றார். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

புதுவருடத்தை அடுத்து வருகிற மூவிராசாக்கள் திருநாளுக்கு முன்னமே கிளேலியா வந்து இறங்கினாள். தாயை மூளை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வைத்தியர் நூறு கேள்வி கேட்டுவிட்டு, வயதுக்கு ஏற்ற மூளைதான், ஒரு குறையும் இல்லை என்றார். சின்யோரா காரில் வரும்போது, "நல்ல பிள்ளை, கிழவியின்ரை மனம் நோகக் கூடாதெண்டு சொல்லுறான்" என்றாராம். பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. நெஸ்போலாவை மலைப்பக்கம் தெரிந்த ஒருவரின் தோட்டத்துக்குக் கொடுப்பது. வீட்டைப் பூட்டுவது. சின்யோரா மகளோடு தொரினோ போவது. முன்பென்றால் தொரினோ என்ற சொல்லுக்கே காலணி பறந்திருக்கும். இப்போது கிளேலியா சொல்லச் சொல்ல, "ஓம், ஓம், நீ சொல்லுறதுதான் சரி" என்று தலையை ஆட்டினார். அந்த ஆட்டலைக் குகனேஸ்வரியால் பார்க்க முடியவில்லை.

அதற்கு மேலே ஒன்று. சின்யோரா ஒருநாள் அவளைப் பக்கத்தில் இருத்தி, "உனக்கொரு இடம் பாத்திட்டன், என்ரை சிநேகிதி வீட்டை. ஞாயிறு கட்டாயம் லீவு குடுக்கவேணும், அவையளுக்குக் கோயில் இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். கோயிலுக்கென்று லீவு! இதைவிடக் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருக்கலாம். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை.

பயணத்துக்கு இரண்டொரு நாள் இருக்கையில், வரவேற்பறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கிளேலியா அலுமாரியிலிருந்து உடுப்புகளை எடுத்துப் போட, குகனேஸ்வரி மடித்துக்கொண்டிருந்தாள். சின்யோரா சாய்மனைக் கதிரையில் இருந்தார். மடித்த சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு குகனேஸ்வரி அவர் முன்னால் முழங்காலில் இருந்துவிட்டாள்.

"சின்யோரா, நான் பொய் சொன்னனான்."

"என்ன பொய்?"

"அண்டைக்கு நீங்கள் மெல்லியதெண்டுதான் சொன்னீங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னீங்கள், சனியில்லை. நான் மாத்தேல்லை. கையும் வைக்கேல்லை. பட்டுச் சீலை உடுத்திருந்தனான், கோயிலுக்குச் சமைக்கவேணும், சேறு படுமெண்டு வேலிக்கு இஞ்சால நிண்டு மாத்திப்போட்டன் எண்டு சொன்னனான். வெக்கை வந்ததும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்தனான். பிறகு பயத்தில உங்கள் மேல போட்டிட்டன். உங்கடை மூளைக்கு ஒண்டுமில்லை, சின்யோரா. ஒண்டுமே இல்லை. நான்தான்."

தலையைக் குனிந்துகொண்டு அடி விழக் காத்திருந்தாள். அடி விழவில்லை. சின்யோராவின் கை அவள் தலையில் வந்து இருந்தது.

"நீ நல்லவள், குகா" என்றார். கண் கலங்கியிருந்தது. "எனக்காகப் பழியைத் தூக்கித் தலையில போடுறாய். கிளேலியா, பாத்தியோ? பெத்த பிள்ளை கூட இப்பிடிச் செய்யாது."

"இல்லை சின்யோரா! சத்தியமாய்! பிள்ளையார் மேல சத்தியமாய்!"

"சரி, சரி, அழாதை. எல்லாம் எனக்கு விளங்குது." அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அவ்வளவு அன்பாகச் சிரித்தார்.

குகனேஸ்வரி எழும்பிக் குசினிப் பக்கம் ஓடினாள். நடைக்குள் கிளேலியா பின்னாலேயே வந்து, அவளுடைய முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். கதவை மெல்லச் சாத்தினாள்.

"நீங்கள் சொன்னது உண்மைதானே?"

"உண்மை. நீங்கள்தான் அம்மாவுக்குச் சொல்லவேணும். நீங்கள் சொன்னால் நம்புவா."

கிளேலியா கெட்டவளில்லை. தாய் தனியே படியில் விழுந்து கிடந்த அன்றிலிருந்து தொரினோவில் நித்திரையில்லாமல் இருக்கிறவள்.

"கேளுங்கோ குகா. உங்களில எனக்குக் கோபமில்லை. ஆனால் அம்மா இப்பதான் வாறன் எண்டு சொல்லியிருக்கிறா. எத்தினை வருசமாய்க் கெஞ்சினனான் எண்டு உங்களுக்குத் தெரியும். இனி இந்தக் கதையை எடுக்காதேங்கோ. எனக்காக."

குகனேஸ்வரி கையிலிருந்த சட்டையைத் திரும்ப மடித்தாள். கிளேலியா அவள் தோளில் தட்டிவிட்டு மற்ற அறைக்குப் போனாள். உள்ளேயிருந்து சின்யோராவின் குரல் வந்தது.

"குகா! இண்டைக்குச் செவ்வாய்தானே?"

செவ்வாய்தான். குகனேஸ்வரி ஓட்டமாக உள்ளே போனாள். "ஓம் சின்யோரா, செவ்வாய்தான். சரியாய்ச் சொன்னீங்கள்."

சின்யோரா அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பாவம் நீ. நான் என்ன சொன்னாலும் சரியெண்டுதான் சொல்லுவாய்" என்றார். பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "கிளேலியா, நீ ஒருக்கா வந்து சொல்லு பிள்ளை. இண்டைக்கு என்ன கிழமை?"